எது பழுது என்று பார்க்காமலே எதை மாற்றுவது என்று சொல்லுகிறார்கள்

72,000 ரூபா கொடுத்து வாங்கிய, திரைக்குப் படம் வரையும் வி.ஜி.ஏ. காட் என் கணினிக்குள் மின்விசிறி சுழல அழகாக உட்கார்ந்திருக்கிறது. ஜி.ரி.ஏ. 5 என்ற கணினி விளையாட்டு மட்டும், முன்பு எந்தச் சந்தியில் திக்கித் திணறியதோ, அதே சந்தியில் இன்றைக்கும் திக்கித் திணறுகிறது. இந்த வயிற்றெரிச்சலை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது.

என் கணினி பழையது என்பதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. கணக்கெல்லாம் போடும் மூளையாக 2013 இல் வெளிவந்த ஐ5-4570 புரொசெசர், எல்லாப் பாகங்களையும் செருகும் எச்81 மதர்போட், ஒரே துண்டாக 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 வகை நினைவகம், தனக்கென 2 ஜி.பி. நினைவகம் கொண்ட ஒரு பழைய காட் ஆகியவைதான் உள்ளே இருந்தன. ஜி.ரி.ஏ. 5 இல் ஆளில்லாத பெருந்தெருவில் ஓடும்போது குறை சொல்ல எதுவும் இராது. நகரத்துக்குள் சனமும் வாகனமும் நெருங்கும் இடத்துக்கு வந்ததும் விநாடிக்கு 35 பிரேமுக்கு, அதாவது 35 படத்துக்குக் கீழே விழுந்து, படம் வெட்டி வெட்டி ஓடத் தொடங்கிவிடும். எதை மாற்றினால் இது தீரும் என்பது ஒன்றுதான் என் கேள்வி.

கனடாவில் இருக்கும் மச்சான், நான் கேட்டு முடிப்பதற்குள் நினைவகத்தை 32 ஜி.பி. ஆக்கச் சொன்னார், அந்தப் போட்டில் இரண்டே இரண்டு இடங்கள்தான் உண்டு, இரண்டையும் நிரப்பினாலும் 16 ஜி.பி.க்கு மேல் ஏறாது என்று நான் சொன்னது அவருடைய காதில் விழவேயில்லை. அலுவலகத்து நண்பர், வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. போட்டால் பறக்கும் என்றார். விளையாட்டுத் திறக்கும் வரை காத்திருக்கும் நேரத்தை அது குறைக்குமே தவிர, திறந்த பிறகு பிரேம் எண்ணிக்கையைக் கூட்டித் தராது. யாழ்ப்பாண நகரத்தில் நான் ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் ஒரே பதில்தான் கிடைத்தது: "தம்பி, காட் பழசு, அதுதான்." மூன்று பேரில் ஒருவராவது என்ன போட் என்று கேட்டாரா? புரொசெசர் எது என்று கேட்டாரா? கண்ணாடி அலுமாரிக்குள் என்ன பெட்டி விற்காமல் கிடந்ததோ, அதுவே என் நோய்க்கு மருந்தாகிவிட்டது.

அந்தக் காட்டின் பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க நான் விரும்பவில்லை. ஆனால் அதன் உடம்பில் இருக்கும் விடயத்தைச் சொல்லத்தான் வேண்டும். மதர்போட்டுக்கும் காட்டுக்கும் இடையில் தரவு போய்வரும் பாதையை லேன் என்பார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் ஒழுங்கை என்றால் நன்றாகவே விளங்கும். போட்டில் அப்படி 16 ஒழுங்கைகள் இருக்க, இவர்கள் என் தலையில் கட்டிய காட் அவற்றில் நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. இந்தப் பாதையின் பெயர் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். அதன் நான்காம் தலைமுறைப் போட்டில் அந்த நான்கினூடாக விநாடிக்கு ஏறத்தாழ 8 ஜி.பி. போகும் என்பதால் அங்கே அது பெரிதாகத் தெரியாது. என்னுடைய எச்81 இரண்டாம் தலைமுறையோடு நின்றுவிட்ட போட், ஆகவே 2 ஜி.பி. அளவில்தான் போகும். காட்டின் சொந்த 4 ஜி.பி. நிரம்பியவுடன் மிச்சம் முழுவதும் இந்த ஒழுங்கைக்குள்ளால்தான் வந்தாக வேண்டும், எதிரே ஒரு லொறி வந்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் ஊரில் வாகனம் ஓட்டிய எவருக்கும் தெரியும். இதைக் கடைக்காரர் அறிந்திருக்கவில்லை என்றால் விற்கக் கூடாது. அறிந்தே விற்றிருந்தால், அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையான பழுதைக் கண்டுபிடித்தவன் உயர்தரம் படிக்கும் அக்காவின் மகன். பத்து நிமிடமும் செலவாகவில்லை, ஒரு சதமும் செலவாகவில்லை. படத்தின் அளவை 1080 இலிருந்து 720 ஆகக் குறைத்தான். வரைய வேண்டிய புள்ளிகள் 20 இலட்சத்துச் சொச்சத்திலிருந்து 9 இலட்சத்துச் சொச்சமாக இறங்கின, ஆனால் அந்தச் சந்தியில் பிரேம் ஒன்றுகூடக் கூடவில்லை. "மாமா, காட்டுக்கு வேலை குறைஞ்சும் வேகம் கூடேல்லை எண்டால் பிழை காட்டில இல்லை" என்று சொல்லி, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ராஸ்க் மனேஜரைத் திறந்து காட்டினான். புரொசெசருக்குள் கணக்குப் போடும் நான்கு கோர்களும் நூறு வீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. என் 72,000 ரூபா பாதி வேலைகூட இல்லாமல் சும்மா இருந்தது. இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்து பார்க்கச் சொல்ல மூன்று கடைகளில் ஒருவருக்கும் வாய் வரவில்லையே!

சரி, புரொசெசரை மாற்றலாம் என்றால், கோவணத்தை எலியிடமிருந்து காக்கப் பூனை வளர்த்த சந்நியாசியின் கதை தொடங்குகிறது. புதிய புரொசெசர் இந்தப் போட்டில் பொருந்தாது, ஆகவே போட் வேண்டும். புதிய போட்டில் டி.டி.ஆர்.3 ஏறாது, ஆகவே நினைவகமும் வேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிய நாளிலிருந்து இந்தப் பெட்டிகளின் விலை எங்கள் சம்பளத்தோடு பேச்சுவார்த்தையே நடத்துவதில்லை. 2024 தை மாதத்தில் வற் வரியும் 18 வீதமாயிற்று. இந்த நிலையில் ஒரு பிழையான பெட்டியை வாங்குவதென்பது என்னைப் போன்றவனுக்கு இரண்டு வருடச் சேமிப்பு.

உண்மையில் பலன் தந்தவை இரண்டே இரண்டு வேலைகள். பழைய 8 ஜி.பி.க்குப் பக்கத்தில் இன்னொரு 8 ஜி.பி. பாவித்த துண்டைச் செருகியதில், நினைவகம் இரட்டைத் தடத்தில், அதாவது இரண்டு துண்டிலும் ஒரே நேரத்தில் தரவு போய்வர, ஓடத் தொடங்கி, வெட்டு ஓரளவு அடங்கியது. மற்றது, சோளகக் காற்று அள்ளிவந்து கொட்டிய புழுதியைப் புரொசெசரின் சூட்டை வெளியேற்றும் ஹீற்சிங்கிலிருந்து தூரிகையால் தட்டியது. வெளியே வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு. சூடு 100 பாகையை நெருங்கினால் புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை, தூரிகை விற்று என்ன இலாபம் கிடைக்கப்போகிறது?

காட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று போன கிழமை கடைக்குப் போனேன். பெட்டி உடைத்தாயிற்று, எடுக்க முடியாது என்றார். அந்தச் சோதனையைப் பற்றியும் புரொசெசரைப் பற்றியும் நான் ஒன்றுவிடாமல் விளக்கினேன், அவரும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அலுமாரியின் மேல்தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அப்ப தம்பி, பவர் சப்ளையை ஒருக்கா மாத்திப் பாப்பமே?"