நூறு மடங்கு வலிமை நூலுக்கு இல்லை

அல்சூர் அண்ணன் பகிர்ந்த படத்தில், கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களாலான, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குழாய்) நூல் எஃகைவிட நூறு மடங்கு வலிமையானது என்று இருக்கிறது. பெங்களூருவில் மற்ற தமிழ்க் குழுக்களிலும் இதைப் பார்த்தேன். அண்ணா, அந்தப் பெருமை தனித்தனிக் குழாய்க்கு உரியது, நூலுக்கு அல்ல.

2000-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அளவீட்டில் பல அடுக்குச் சுவர் கொண்ட தனிக்குழாயின் வெளிச்சுவர் 11 முதல் 63 ஜிகாபாஸ்கல் வரை இழுவிசையைத் தாங்கியது (பாஸ்கல் என்பது இந்த வலிமையை அளக்கும் அலகு; ஆயிரம் மெகா ஒரு ஜிகா). அதே இதழில் 2004-இல், டல்லாஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகக் குழு குழாய்களை முறுக்கி நூற்ற நூல் தாங்கியது 460 மெகாபாஸ்கலுக்குச் சற்று மேல். அதாவது அரை ஜிகாபாஸ்கல்கூட இல்லை. பியானோ கம்பி எஃகே 2 ஜிகாபாஸ்கலைத் தாண்டும்! காரணம், பஞ்சிழை போலக் குட்டையான குழாய்கள் உராய்வாலும் மெல்லிய ஈர்ப்பாலும்தான் சேர்ந்திருக்கின்றன; இழுத்தால் அறுவதற்கு முன்பே ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிவிடும். பிறகு வந்த நூல்கள் நன்றாகவே முன்னேறின, சரி. ஆனாலும் நூறு மடங்கெல்லாம் இல்லை.

இரண்டு கட்டுரைகளின் சுருக்கமும் இணையத்தில் இலவசம். எண்ணைப் பார்க்கும்போது இரண்டைக் கவனியுங்கள்: சோதித்தது குழாயையா நூலையா, அலகு மெகாவா ஜிகாவா.