ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாம்!

ஆமாம், கவுன்சலிங்கையும் கோச்சிங்கையும் சேர்த்துச் செய்கிற என்னைப் போன்றவர்களை ஒருவர் மேடையில் கிண்டல் செய்த அந்த வீடியோவைப் பார்த்துவிட்டேன். இனி யாரும் இன்பாக்ஸில் அனுப்ப வேண்டாம். இதுவரை ஏழு பேர் அனுப்பியாயிற்று, "நீங்க பாக்கணும்னுதான்" என்ற ஒரு வரியோடு.

கவுன்சலிங் என்றால் மனசில் இருக்கிற பாரத்தைப் பேசித் தீர்க்க உதவுவது, கோச்சிங் என்றால் வேலையில் ஓர் இலக்கை எட்ட உதவுவது. பார்க்காதவர்களுக்காக, அவர் சொன்னது மட்டும். "கவுன்சலிங்கையும் கோச்சிங்கையும் கலக்கிறவர்கள் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவர்கள். இரண்டிலும் தேறாதவர்கள்தான் இரண்டையும் செய்வார்கள்." உடனே சிரிப்பு. யார் பெயரையும் சொல்லவில்லை, பெருந்தன்மைதான். ஆனால் நிகழ்ச்சி நிரலில் அடுத்து இருந்தது என் அமர்வு. அதன் தலைப்பே இரண்டையும் சேர்த்துச் செய்வது பற்றியது.

கோபத்தில் எழுதவில்லை. அதற்காகத்தான் மூன்று நாள் காத்திருந்தேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நம் முன்னால் வந்து உட்காருகிற ஆள் ஒருவர். மனசை ஒரு அறையிலும் வேலையை இன்னொரு அறையிலும் கழற்றி வைத்துவிட்டு யாரும் வருவதில்லை. பத்துப் பேரை நடத்துகிற ஒருவர், குழுவில் ஒருவரிடம் "உங்கள் வேலை சரியாக இல்லை" என்று சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்று வையுங்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாததாலா, சொன்னால் அவர் தன்னை வெறுத்துவிடுவார் என்ற பயத்தாலா? முதலாவது என்றால் இரண்டு முறை பேசிப் பழகினால் போதும். இரண்டாவது என்றால் எத்தனை முறை பழகினாலும் அந்த நாள் காலையில் அவருக்குத் தலைவலி வந்துவிடும், லீவு போட்டுவிடுவார். பெரும்பாலும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். இப்போது அவரை எந்த வரிசையில் நிற்கச் சொல்வது?

"கவுன்சலிங் பின்னால் பார்ப்பது, கோச்சிங் முன்னால் பார்ப்பது" என்று மேடையில் ஸ்லைடு போட்டார்கள். அழகான ஸ்லைடு. வரலாறுதான் ஒத்துழைக்கவில்லை. கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் 1942லேயே 'நோயாளி' என்பதை விட்டுவிட்டு 'கிளையன்ட்' என்று எழுதினார். வளர்வதற்கான ஆற்றல் அவருக்குள்ளேயே இருக்கிறது என்றார். இன்றைக்கு ஒவ்வொரு கோச்சும் "பதில் உங்களிடமே இருக்கிறது" என்கிறாரே, அது யார் வீட்டுச் சொத்து? ஆல்பர்ட் எல்லிஸ் 1950களில் தொடங்கிய சிகிச்சையில் வீட்டுப்பாடம் உண்டு. ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் உருவாக்கிய சிகிச்சை முறை பிரச்சினையின் வேரைத் தோண்டவே தோண்டாது. "ராத்திரி நீங்கள் தூங்கும்போது அற்புதம் நடந்து பிரச்சினை போய்விட்டது, காலையில் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்கும். பின்னால் பார்ப்பதாம்!

கோச்சிங் பக்கமும் அப்படித்தான். 1974ல் டென்னிஸ் பற்றி எழுதிய டிமதி கால்வே, வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரைவிட ஆடுபவரின் தலைக்குள் இருக்கிற எதிராளிதான் பெரிய ஆள் என்றார். அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர்தான் ஜான் விட்மோர். இன்று எல்லாக் கோச்சுகளும் மனப்பாடமாகச் சொல்லும் 'குரோ' முறையை, அதாவது இலக்கு, இப்போதைய நிலை, வழிகள், அடுத்த அடி என்று நான்கு படியாகக் கேட்கும் முறையை, பரவலாக்கியவர். ஆக, மனசைப் பற்றிய பேச்சில் பிறந்த பிள்ளையை இன்று மனசுக்குச் சம்பந்தமில்லாதது என்கிறோம். (கோச் என்ற சொல்லே ஹங்கேரியில் 'கோச்' என்ற ஊரில் செய்த குதிரை வண்டியிலிருந்து வந்தது. ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகிற வண்டி. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஏறு என்று அந்த வண்டிக்காரர் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.)

சரி, என் கதை. முதல் முறை குழுத் தலைமை கிடைத்தபோது எனக்கு எந்த வேலையையும் அடுத்தவரிடம் விட முடியவில்லை. அலுவலகம் ஒரு கோச்சை ஏற்பாடு செய்தது. நல்ல மனிதர். உட்கார்ந்து பட்டியல் போட்டோம், பிறரிடம் ஒப்படைக்க வேண்டிய வேலைகள் பதினொன்று. யாருக்கு, எப்போது, எப்படிச் சரிபார்ப்பது என்று எல்லாம் எழுதினோம். ஆறு வாரத்தில் ஒன்பதை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். அவர் இன்னும் தெளிவான பட்டியல் ஒன்று போட்டார்.

அப்புறம் கவுன்சலரிடம் போனேன், அலுவலகத்துக்குத் தெரியாமல். அங்கேதான் புரிந்தது. வீட்டில் பெரியவர்கள் கைவிட்ட ஒரு காலத்தில் எல்லாவற்றையும் நான் கவனித்துக்கொண்டேன். நான் கவனிக்காத ஒரு நாளில் ஒன்று கைமீறிப் போனது. அதற்குமேல் இங்கே எழுத மாட்டேன். நிறைய அழுதேன், லேசானது. திங்கட்கிழமை போய் உட்கார்ந்து, பழையபடி குழுவில் ஒருவர் எழுதிய மின்னஞ்சலைத் திருத்தி எழுதினேன்! முன்பு காரணம் தெரியாமல் செய்தேன், இப்போது காரணம் தெரிந்தே செய்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவதாக ஒருவர் கிடைத்தார், இரண்டும் படித்தவர். "இந்த வாரம் ஒரே ஒரு மின்னஞ்சலைத் திருத்தாமல் விடுங்கள். விட்டபிறகு உடம்பில் என்ன நடக்கிறது என்று வந்து சொல்லுங்கள்" என்றார். விட்டேன். கை நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அடுத்த வாரம் இரண்டு. இது ஆறா, சேறா? மேடையில் இருந்தவர் வந்து சொல்லட்டும்.

"தகுதி இல்லாதவர்கள் மனசைத் தொட்டால் ஆபத்து" என்பீர்கள். நியாயம், முழு நியாயம். 2002ல் ஸ்டீவன் பெர்க்லஸ் என்ற உளவியலாளர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் இதைத்தான் எச்சரித்தார். உளவியல் தெரியாத கோச்சுகள் ஆழமான பிரச்சினையைக் கண்டுகொள்ளாமல் நிலைமையை மோசமாக்கிவிடலாம் என்றார். ஆனால் இது யாருக்கு எதிரான வாதம்? மனச்சோர்வில் இருப்பவரை அடையாளம் காணத் தெரியாமல் "அடுத்த காலாண்டு இலக்கு என்ன?" என்று கேட்பவருக்கு எதிரானது. இரண்டும் படியுங்கள் என்று சொல்கிற எனக்கு எதிரானது இல்லை.

நான் என்ன செய்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். முதல் நாளே எழுத்தில் ஒப்பந்தம். பேச்சு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பும்போது வாய்விட்டுச் சொல்லி, சம்மதம் கேட்பேன். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் நாட்டமில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று வந்தால் இலக்குப் பேச்சு அன்றோடு நிற்கும், மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். நானும் மேற்பார்வைக்குப் போகிறேன், அதாவது என் அமர்வுகளைப் பற்றித் துறையில் இன்னொருவரிடம் பேசிச் சரிபார்த்துக்கொள்கிறேன். நிறுவனம் பணம் கொடுக்கும்போது அவர்களுக்குப் போவது எத்தனை அமர்வு நடந்தது, கிளையன்ட் சம்மதித்த இலக்குகள் எவை, இவ்வளவுதான். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பணம் கொடுப்பது முதலாளி என்று தெரிந்தபின் ஒருவர் எவ்வளவு மனம் திறப்பார்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மேடையில் இதைக் கேட்டிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். அவர்கள் கேட்கவில்லை. பழமொழி சொன்னார்கள்.

"இரண்டு பலகை மாட்டினால் இரண்டு மடங்கு சம்பாதிக்கலாம் என்பதுதானே?" ஆமாம் ஐயா. அதனால்தான் இரண்டு படிப்பு, இரண்டு மேற்பார்வைக் கட்டணம், ஒரே அமர்வுக்கு ஒரே கட்டணம்.

"தலைவர்களுக்கு அழ நேரமில்லை" என்று ஒருவர் கீழே கமெண்ட் போட்டிருந்தார். 1978ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் எழுதினார்கள். நிறையச் சாதித்த பெண்களே, தாங்கள் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவும் ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்றும் உள்ளுக்குள் நடுங்குகிறார்கள் என்று. பதவியில் இருப்பவர்கள் என்னிடம் சொன்னதை நான் எழுத முடியாது. எழுத முடிந்தால் அந்த கமெண்ட்டை அவரே அழித்துவிடுவார். விடுங்கள்.

கிண்டல் செய்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரை எனக்குத் தெரியாது. வீடியோவுக்குக் கீழே நூற்றுச் சொச்சம் ஹாஹா இருந்தது. இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம், யார் யார் என்று திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதில் ஒன்று, அந்த ஒரே ஒரு மின்னஞ்சலைத் திருத்தாமல் விடச் சொன்னாரே, அவருடையது.

கை தவறிப் பட்டிருக்கலாம். ஃபோனில் அப்படி ஆகும். அவரிடம்தான் இன்றும் மேற்பார்வைக்குப் போகிறேன். அடுத்த அமர்வு வியாழக்கிழமை. மூன்று கிளையன்ட்களைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் முதலில் இதைத்தான் கேட்கப் போகிறேன்.