போலந்து கதவைச் சாத்தி வைத்திருக்கவில்லை

"போலந்து வெளிநாட்டவர் ஒருவரைக்கூட உள்ளே விடவில்லை, அதனால்தான் முன்னேறியது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது தவறு.

2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் பங்கிட்டுக் கொடுத்த அகதிகளை ஏற்க போலந்து மறுத்தது உண்மை. அது சட்டமீறல் என்று 2020 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் சொன்னது. பெலாரஸ் எல்லையில் ஐந்தரை மீட்டர் உயரத்துக்கு வேலி நிற்பதும் உண்மைதான். ஆனால் அது பாதிக் கதை. வேலைக்கு வந்தவர்களைப் பாருங்கள். 2021-இல் மட்டும் போலந்து 9 லட்சத்து 67 ஆயிரம் முதல் வசிப்பு அனுமதிகளை (வெளிநாட்டவர் முதன்முறையாக அங்கே தங்குவதற்கான அனுமதி) கொடுத்தது. ஒன்றிய நாடுகள் எல்லாம் சேர்ந்து கொடுத்ததில் இது மூன்றில் ஒரு பங்கு! பெரும்பாலும் வேலைக்கு வந்த உக்ரேனியர்கள். உள்ளூர் தொழிலாளர் அலுவலகத்தில் முதலாளி ஓர் அறிவிப்புத் தாளைப் பதிவு செய்தால் போதும், முழு அனுமதிக்காகக் காத்திருக்காமல் ஆளை வேலைக்கு எடுக்க முடிந்தது. இதை நடத்தியது, அகதிகளை மறுத்த அதே அரசு.

ஏன்? 2004-இல் ஒன்றியத்தில் சேர்ந்ததும் லட்சக்கணக்கான போலந்துக்காரர்கள் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் கிளம்பிவிட்டார்கள். பிறப்பு விகிதமும் சரிந்தது. கட்டுமானத்துக்கும் தோட்டங்களுக்கும் ஆள் வேண்டியிருந்தது.

அப்புறம் 2022. உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடங்கிய முதல் வாரங்களில், கைக்குழந்தையோடு வந்திறங்கும் உக்ரேனியத் தாய்மார்களுக்காக எல்லையை ஒட்டிய ப்ஷெமிஷில் நகரத்தின் ரயில் நிலைய நடைமேடையில் போலந்துக்காரர்கள் குழந்தைத் தள்ளுவண்டிகளை வரிசையாக விட்டுச் சென்றிருந்தார்கள். மார்ச்சிலேயே தனிச் சட்டம் இயற்றி வேலை செய்யும் உரிமையும் கொடுத்தார்கள். அந்த மக்களை "ஒருவரைக்கூட விடவில்லை" என்ற ஒரே வரியில் அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.