புல்லுக்குப் பிறகுதான் கேரட்

கினிப்பன்றி என்ற சிறு கொறிவிலங்கின் உணவு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை கேரட்டை விரிவாகப் புகழ்ந்துவிட்டு, புல்லை ஒரே வரியில் முடித்துவிட்டது வருத்தமாக இருக்கிறது. கினிப்பன்றியின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை. நாள் முழுதும் புல்லை அரைத்தால்தான் தேயும். எங்கள் கும்பகோணம் பக்கம் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் சத்துக் குறைவு, படுக்கையாக விரிக்கலாம். அறுகம்புல்லே நல்ல தீனி. நீளத் தண்டை ஒரு முனையில் கவ்வி, விடாமல் உள்ளே இழுத்து மெல்லும் அழகே தனி! வாய்க்கால் கரையில் அறுப்பவர்கள், பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்களா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

வைட்டமின் சி கினிப்பன்றியின் உடலில் தானாக உருவாகாது. தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி போதும். சோறு, ரொட்டி வேண்டவே வேண்டாம். அரை நாள் தின்னாமல் கிடந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.