கப்பல்கள் வாங்கும் வாய்தா

சென்ற வாரம் பழைய சக ஊழியர் ஒருவர் ஒரு கடித வரைவை அனுப்பி, திருத்தம் ஏதும் இருந்தால் சொல்லுமாறு கேட்டிருந்தார். அவர் இப்போது பார்த்துக்கொள்ளும் கப்பல் ஒன்றில் பாலஸ்ட் நீரைச் சுத்திகரிக்கும் கருவி பழுதாகிவிட்டது. அதைச் செய்து கொடுத்த நிறுவனமே தொழிலை மூடிவிட்டதால் உதிரிபாகம் கிடைக்கவில்லை. கப்பலை நீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுதுபார்க்கும் அடுத்த ட்ரை டாக் வரை, அதாவது இன்னும் பதினான்கு மாதங்களுக்கு, கருவி இல்லாமலே கப்பலை ஓட்ட அனுமதி வேண்டும் என்று, கப்பல் பதிவாகியிருக்கும் கொடி நாட்டின் நிர்வாகத்துக்கு எழுதப்பட்ட விண்ணப்பம் அது. நான் கப்பலில் இன்ஜினியராகவும், பிறகு சென்னையில் ஒரு கப்பல் மேலாண்மை அலுவலகத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இத்தகைய விண்ணப்பங்களை நானே எழுதியிருக்கிறேன், நன்றாகவே எழுதியிருக்கிறேன். இப்போது திருவொற்றியூரில் இருக்கிறேன். என் சித்தப்பா மகன் எண்ணூர்க் கழிமுகத்தில் வலை போட்டுப் பிழைக்கிறான். ஆகவே அந்த வரைவை இரண்டு முறை படித்தேன்: ஒரு முறை அதைப் போல எழுதிப் பழகியவனாக, மறுமுறை அவனுடைய அண்ணனாக.

பாலஸ்ட் நீர் என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரக்கு இல்லாத கப்பல் நீருக்கு மேலே எழும்பி நிற்கும். ப்ரொப்பெல்லர் முழுதாக நீரில் அமிழாது, காற்றிலும் அலையிலும் கப்பல் தள்ளாடும், உடல் தகடுகளில் இழுவிசை ஏறும். இதைத் தவிர்க்க, சரக்கு இறக்கும் துறைமுகத்திலேயே கடல்நீரை உள்ளே இழுத்துத் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு, அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது வெளியே விட்டுவிடுவார்கள். பெரிய கேப்சைஸ் கப்பலென்றால் இப்படி ஒரே பயணத்தில் ஐம்பதாயிரம் டன் வரைகூடத் தண்ணீர் ஊர் மாறும். தண்ணீர் மட்டும் மாறினால் கவலையில்லை. அதிலுள்ள முட்டையும் லார்வாவும் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்தே மாறுகின்றன. 1980-களில் கருங்கடலுக்குள் இப்படி நுழைந்த, சீப்பு ஜெல்லி என்ற ஜெல்லிமீன் போன்ற உயிர் அங்கிருந்த நெத்திலி மீன்பிடியையே நிலைகுலைய வைத்தது. 1988-இல் வட அமெரிக்கப் பேரேரிகளில் கண்டுபிடிக்கப்பட்ட வரிக்குதிரைச் சிப்பி, தண்ணீர்க் குழாய்களை அடைத்துக்கொண்டு இன்றுவரை செலவு வைக்கிறது. 1991-இல் தென் அமெரிக்காவில் காலரா பரவியபோது, அங்கிருந்து அமெரிக்கத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பாலஸ்ட் நீரில் அதே காலராக் கிருமி இருந்தது.

இதையெல்லாம் கண்ட பிறகுதான் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2004 பிப்ரவரியில், கப்பல்கள் கருவி வைத்து நீரைச் சுத்திகரித்தே வெளியே விடும் நிலையை நோக்கிய பாலஸ்ட் நீர் உடன்படிக்கையை ஏற்றது. உலக வணிகக் கப்பல்களின் கொள்ளளவில் 35 விழுக்காட்டைக் கையில் வைத்திருக்கும் 30 நாடுகளாவது ஒப்புக்கொண்டால்தான் அது நடைமுறைக்கு வரும் என்பது நிபந்தனை. நாடுகளின் எண்ணிக்கை முதலில் நிரம்பியது; கொள்ளளவு நிரம்பவில்லை. 2016 செப்டம்பரில் பின்லாந்து சேர்ந்த பிறகே அந்தக் கணக்கு முடிந்து, 2017 செப்டம்பர் 8-ஆம் தேதி உடன்படிக்கை உயிர் பெற்றது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், அதே அமைப்பின் சுற்றுச்சூழல் குழு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களுக்கான கருவிக் கட்டாயத்தை மேலும் இரண்டு ஆண்டு தள்ளிவைக்க ஒப்புக்கொண்டிருந்தது; கடைசிக் கெடு 2024 செப்டம்பர் 8. குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொன்ன கதைதான். கூட்டிப் பார்த்தால், விதி எழுதிய நாளிலிருந்து கடைசிக் கப்பல் அதற்குப் பணிய வேண்டிய நாள் வரை இருபது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

இருந்தாலும் கூடுதல் காலம் கேட்பதே குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நியாயமான காரணத்தோடு நானே கேட்டிருக்கிறேன். அமெரிக்கக் கடலோரக் காவல்படை தன் சொந்த விதியை 2012-இல் வெளியிட்டது. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் எங்கள் கப்பல்கள் 2014-க்கோ 2016-க்கோ பிறகு வரும் முதல் ட்ரை டாக்கில் அந்தக் காவல்படையின் ஒப்புதல் பெற்ற கருவியைப் பொருத்தியாக வேண்டும். ஆனால் அப்படி ஒப்புதல் பெற்ற கருவி 2016 டிசம்பர் வரை உலகத்தில் ஒன்றுகூட இல்லை. இல்லாத பொருளை எங்கே போய் வாங்குவது? கெடு நாளுக்கு 12 மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. எனவே அலுவலகத்தில் ஒரு அட்டவணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கப்பலின் பெயரையும் எண்ணையும் தொட்டிக் கொள்ளளவையும் ட்ரை டாக் தேதியையும் மாற்றி மாற்றி, ஒரே காரணத்தை வேறு வேறு கடிதங்களில் எழுதிக்கொண்டிருந்தேன். உலகம் முழுவதும் இப்படி ஆயிரக்கணக்கில் கடிதங்கள் போயின. பெரும்பாலும் அனுமதியும் வந்தது. 2020-இல் பெருந்தொற்றின்போது கருவி பொருத்தும் தொழில்நுட்பர்களால் விமானம் ஏற முடியாமல், கப்பல் பட்டறைகளும் முடங்கிக் கிடந்த மாதங்களில் பல கொடி நாடுகள் கொடுத்த தவணையையும் எவரும் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டிய வேறொரு வகை உண்டு, அதையும் உள்ளிருந்தே பார்த்தேன். சர்வதேச விதியில் கருவி பொருத்த வேண்டிய நாள், எண்ணெய் மாசுத் தடுப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கும் ஆய்வோடு கட்டப்பட்டிருந்தது. அந்தச் சான்றிதழின் ஆயுள் 5 ஆண்டு. ஆகவே, மற்றச் சான்றிதழ்களை அப்படியே விட்டுவிட்டு இதை மட்டும் தனியே பிரித்து, 2017 செப்டம்பர் 8-க்கு முன்பே அவசரமாகப் புதுப்பித்துக்கொண்டால், 2022 வரை கருவியைப் பற்றிய பேச்சே எழாது. சட்டத்துக்குள் அடங்கிய வேலைதான். ஒரு வரியும் மீறப்படவில்லை. கருவிக்கும் பொருத்தும் கூலிக்கும் கோடிக்கணக்கில் செலவாகும் நிலையில், வயதான கப்பலை வைத்திருப்பவர் அதை குஜராத்தின் அலங் கரையில் உடைக்க அனுப்பும் வரை இழுத்துப் பார்ப்பது வியாபாரக் கணக்கு என்பதும் எனக்குப் புரியும். ஆனால் அப்போது எங்கள் கூட்டங்களில் ‘எத்தனை நாள் மிச்சம்’ என்று பேசினோமே தவிர, அந்த நாட்களில் எந்தக் கரையில் எவ்வளவு நீர் விடப்போகிறோம் என்று நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது எண்ணூருக்கு வருகிறேன். சில ஆண்டுகளாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்திலும் வடக்கே பழவேற்காடு வரையிலும் ஒரு கறுப்புச் சிப்பி பாய் விரித்தாற்போலப் பரவிக் கிடக்கிறது. நம் மீனவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் காக்கா ஆழி. மத்திய, தென் அமெரிக்கக் கரைகள் அதன் சொந்த ஊர். நூலால் தைத்ததுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சேற்றுத்தரையை மூடிவிடுவதால், இறால் புதைந்து வாழ இடமில்லை. மஞ்சள் மட்டி இருந்த இடம் தெரியவில்லை. சாம்பலும் வெந்நீரும் எண்ணெயும் ஏற்கெனவே வாட்டிய கழிமுகத்தில் மிச்சமிருந்ததையும் இது எடுத்துக்கொண்டது. கால் வைத்தால் கிழிக்கிறது என்று என் தம்பி சொல்வான். கையால் தடவி இறால் பிடித்து அன்றாடம் காசு பார்க்கும் பெண்களுக்கு அது என்ன பொருள் தரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கப்பல் வழியாகத்தான் அது வந்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. பாலஸ்ட் நீரா, கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்ததா என்ற கேள்வியில் மட்டும் நான் அவசரப்பட மாட்டேன். எண்ணூர்த் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல் பாரத்தோடு வருகிறது. அது இங்கே பாலஸ்ட் நீரை விடுவதில்லை, மாறாக நம் நீரை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே நீரை விடுவது, கார்களையோ கன்டெய்னர்களையோ ஏற்ற வரும் கப்பல்களே. கப்பல் அடித்தட்டில் ஒட்டி வருவதற்கு இந்த உடன்படிக்கையில் பதில் கிடையாது. எனவே, எல்லாக் கப்பலிலும் கருவி இருந்திருந்தால் காக்கா ஆழி வந்தே இருக்காது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் இதே உண்மைக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசிக் கேட்டதில்லை. நம் அனல்மின் நிலையங்களுக்கு ஒடிசாவின் பாராதீப்பிலிருந்து நிலக்கரி வருகிறது. இங்கே கரியை இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பல், காக்கா ஆழியின் லார்வா மிதக்கும் நீரை நிரப்பிக்கொண்டு போய், மகாநதியின் வாயருகே வெளியேற்றுகிறது. ஒரே நாட்டின் நீர்ப்பரப்புக்குள் மட்டும் ஓடும் கப்பலுக்கு, அந்த நாடே வேண்டுமென்று தீர்மானித்தாலன்றி, உடன்படிக்கை பொருந்தாது. கருவி இல்லாத கப்பல் கரையிலிருந்து 200 கடல் மைல் தள்ளி, 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் தொட்டி நீரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற பழைய ஏற்பாடும் கரையோரமாகவே போகும் கப்பலுக்கு நடக்கிற காரியமில்லை. நேற்று நாம் வாங்கிக்கொண்ட பிணியை நாளை நாமே இன்னொரு கரைக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அதற்கு விண்ணப்பம்கூடத் தேவைப்படாது.

பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. நல்ல இறால் கிடைக்கும் இடங்களில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அங்கே ஒருவர் தன் முறைக்கு மேல் ஒரு நாள் கூடுதலாக வலை கட்டினால், அது யாருடைய நாள் என்று ஊருக்கே தெரியும். பஞ்சாயத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். கப்பல் வாங்கும் கூடுதல் காலமும் யாரோ ஒருவருடைய நாளிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. யாருடையது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை என்பதே என் வழக்கு. நீதிமன்றத்தில் வாய்தா கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீலாவது எழுந்து நின்று ஆட்சேபிப்பார். இங்கே எதிர்த்தரப்பே அழைக்கப்படுவதில்லை.

நண்பர் அனுப்பிய வரைவிலும் அதைத்தான் பார்த்தேன். கருவியின் பெயர், பழுதான தேதி, உற்பத்தியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், பட்டறையோடு செய்துகொண்ட ஒப்பந்தம் எல்லாம் ஒழுங்காக இணைக்கப்பட்டிருந்தன. அவருடைய கஷ்டம் பொய்யில்லை. வடிகட்டியும் புற ஊதா விளக்கும் கொண்ட கருவி ஹால்தியா போன்ற சேற்று நதித் துறைமுகத்தில் எப்படித் திணறும் என்பதும், வடிகட்டி அடைத்துக்கொண்டு சீஃப் ஆபீசர் சரக்கு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் கத்துவதும் நான் அறிந்தவை. கலங்கல் நீரில் என்ன செய்வது என்பதற்கான இடைக்கால வழிகாட்டுதலே 2024-இல்தான் வந்தது. ஆனால் பதினான்கு மாதங்களில் கப்பல் என்ன செய்யும் என்பதற்கு வரைவில் ஒரே வரிதான் இருந்தது: ‘நீர் மாற்றம் இயன்ற அளவு செய்யப்படும்.’ இயன்ற அளவு என்ற சொல்லை அலுவலக வாழ்க்கையில் நானே நூறு முறை எழுதியிருக்கிறேன். அதற்கு ‘செய்யப்பட மாட்டாது’ என்று பொருள்கொள்ள இடம் விட்டே எழுதியிருக்கிறேன்.

ஆகவே அவருக்கு மூன்று திருத்தங்கள் எழுதி அனுப்பினேன். கப்பல் அடுத்துப் போகவிருக்கும் துறைமுகங்களைப் பெயரோடு குறிப்பிட்டு, ஒவ்வொரு பயணத்திலும் எந்த இடத்தில் நீர் மாற்றப்படும், வழியில் போதிய ஆழமும் தூரமும் கிடைக்காவிட்டால் நீரைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு எவ்வளவு சரக்கைக் குறைத்து ஏற்றுவார்கள் என்பதைச் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. பதினான்கு மாதம் என்பதற்குப் பதிலாக, உதிரிபாகத்துக்கு மாற்று கிடைக்கிறதா என்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுத்து, கிடைத்த நாளோடு அனுமதி முடிவதாக எழுத வேண்டும் என்பது மற்றொன்று. கடைசியாக, நகல் பெறுவோர் வரிசையில் கொடி நாடு, கப்பலின் தகுதியை ஆய்ந்து சான்றளிக்கும் வகைப்பாட்டுச் சங்கம், துறைமுகம் ஆகியவற்றோடு, நீரை விடப்போகும் கரையின் மீன்வளத் துறையையும் சேர்க்கச் சொன்னேன். இதற்கு எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை என்பது தெரிந்தேதான் எழுதினேன்.

இந்த விஷயத்தைத் தம்பியிடம் சொன்னபோது அவன் வலையிலிருந்து காக்கா ஆழியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். “அந்தக் காயிதம் எங்க கிட்ட வந்தா மட்டும் நாங்க இன்னாண்ணே பண்ணப் போறோம்?” என்று கேட்டான். எந்தக் கப்பல் எந்த நாளில் நீர் விட்டது என்பதாவது தெரிந்திருக்கும், பிறகு ஏதாவது புதிதாக வலையில் ஏறினால் யாரைக் கேட்பது என்று தெரியும் என்றேன். அவன் பதில் சொல்லவில்லை.

நண்பர் நேற்று இரவு திருத்திய கடிதத்தை அனுப்பியிருந்தார். முதல் இரண்டு திருத்தங்களையும் சேர்த்திருக்கிறார். துறைமுகங்களின் பெயர்கள்கூட வரிசையாக இருக்கின்றன, மூன்றாவதாகச் சென்னை. நகல் பெறுவோர் வரிசை மட்டும் பழையபடியே இருந்தது.