கிராஸ் கம்பைலர் கட்டுபவர்கள் காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும்

கிராஸ் கம்பைலர் ஒன்றைக் கட்டியவர், எந்தக் கட்டளைகளைக் கொடுத்தார் என்பதோடு, ஒவ்வொரு தெரிவையும் ஏன் செய்தார் என்பதையும் எழுதி வைக்காவிட்டால், அவர் செய்தது பாதி வேலைதான் என்பது என் கருத்து. திரையில் ஓடிய கட்டளைகளை அப்படியே ஒரு கோப்பில் ஒட்டி வைப்பதைப் பலர் ஆவணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சமையற்குறிப்பில் பொருள்களின் பட்டியலை மட்டும் தருவதைப் போன்றது. செய்தவருக்குப் போதும், அடுத்தவருக்கு உதவாது.

இத்துறையில் இல்லாத நண்பர்களுக்காக ஒரு விளக்கம். நாம் எழுதிய நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது, அதாவது தொகுப்பது, கம்பைலர். நம் மடிக்கணினியில் ஓடிக்கொண்டே, வேறு வகைச் செயலி கொண்ட ஒரு கருவிக்கான நிரலை உருவாக்கித் தருவது கிராஸ் கம்பைலர். கோத்தகிரியைச் சுற்றியுள்ள சிறு தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில், உறைபனிக் காலத்தில் தரையை ஒட்டிய வெப்பநிலையைப் பதிவு செய்வதற்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து ராஸ்பெரி பை ஜீரோ என்ற சிறு கணினிக் கருவிகளை வைத்திருக்கிறோம். 512 எம்பி நினைவகமும் ஒற்றைக் கோர் செயலியும் கொண்ட அந்தக் கருவியிலேயே பெரிய நிரல்களைத் தொகுப்பதென்றால் பொழுது போய்விடும். இடையில் மின்சாரம் போனால் எல்லாம் முதலிலிருந்து. எனவே வீட்டில் தொகுத்துத் தோட்டத்துக்கு அனுப்புகிறோம்.

இதற்கான கம்பைலரைக் கட்டித் தந்த நண்பர் திறமைசாலி. வேலை கிடைத்துச் சமவெளிக்கு இறங்கும்போது, கம்பைலரையும் அதைக் கட்டும் கட்டளைகள் அடங்கிய ஷெல் ஸ்கிரிப்ட்டையும் ஒரே சுருக்கக் கோப்பில் வைத்துவிட்டுப் போனார். ஸ்கிரிப்ட்டில், கட்டமைப்பு ஆர்ம் வி6 (ஆர்ம் செயலி வகையின் ஆறாம் பதிப்பு) என்று ஒரு வரி இருந்தது, காரணம் எழுதப்படவில்லை. பிறகு அந்தப் பொறுப்பை ஏற்றவர், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அதே பெயரில் ஆயத்தமாகக் கிடைக்கும் கம்பைலரை நிறுவிக்கொண்டார். இரண்டுமே தம்மை ‘ஆர்ம், லினக்ஸ், க்னூ, ஹார்ட் ஃபுளோட்’ என்றுதான் அறிவித்துக்கொள்கின்றன என்பதால், அவரைக் குறை சொல்வதற்கில்லை. (தசம எண்களைச் செயலியின் தனி வன்பொருளைக் கொண்டு கையாள்வது ஹார்ட் ஃபுளோட்; மென்பொருள் வழியாகக் கையாள்வது சாஃப்ட் ஃபுளோட்.)

தொகுப்பு ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. மேசையில் இருந்த ஜீரோ 2 டபிள்யூ கருவியில் நிரல் ஒழுங்காக ஓடியது. தோட்டத்தில் இருந்த பழைய ஜீரோவில் மட்டும், ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ (செயலிக்குத் தெரியாத கட்டளை) என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டு முதல் நொடியிலேயே நின்றது. தொகுத்த நிரல் எந்தச் செயலிக்கானது என்று காட்டும் ரீட்எல்ஃப் கருவியைக் கொண்டு பார்த்தபோதுதான் அந்த நிரல் ஆர்ம் வி7 கட்டமைப்புக்கானது என்று தெரிந்தது. டெபியனின் ஹார்ட் ஃபுளோட் பதிப்பு வி7 செயலியைக் குறைந்தபட்சத் தேவையாகக் கொண்டது. பழைய ஜீரோவில் இருப்பதோ வி6 வகைச் செயலி. ராஸ்பெரி பைக்கான இயங்குதளமான ராஸ்பியன் இதற்காகவே, அதே பெயர் அமைப்பில், வி6 செயலிக்கெனத் தனியாகத் தொகுக்கப்பட்டது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொகுக்கும்போது வி6 என்ற ஃபிளாக்கைச் (கட்டளையோடு தரும் தெரிவைச்) சேர்த்தால் நாம் எழுதிய பகுதி மட்டுமே வி6 ஆகும். ஒவ்வொரு நிரலோடும் இணைக்கப்படும் தொடக்கக் கோப்புகளும் கம்பைலரின் துணை நூலகமும் ஏற்கெனவே வி7 ஆகத் தொகுக்கப்பட்டவை, அவை மாறுவதில்லை. அந்த ஸ்கிரிப்ட்டின் வரிக்கு மேலே, “பழைய ஜீரோவுக்காக, ஆயத்த கம்பைலர் இதற்கு ஒத்துவராது” என்று ஒரு குறிப்பு இருந்திருந்தால் போதும்.

இத்துறையில் தவறுகள் நடக்கிற இடத்தில் தெரிவதில்லை. வேறொரு கருவியில், வேறொரு நாளில், சம்பந்தமே இல்லாத செய்தியாக வந்து நிற்கும். ஹார்ட் ஃபுளோட் முறையில் தொகுத்த நிரலை சாஃப்ட் ஃபுளோட் அமைப்பில் ஓட்டினால், கண்ணெதிரே இருக்கும் கோப்பையே ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று ஷெல் சொல்லும். உண்மையில் இல்லாதது அந்த நிரலை ஏற்றித் தர வேண்டிய டைனமிக் லோடர். இரு முறைகளுக்கும் அதன் பெயர் வேறு. அதேபோல், ஜிலிப்சி என்ற அடிப்படை சி மொழி நூலகத்தைக் கட்டும்போது குறைந்தபட்ச கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) பதிப்பை உயர்த்தி வைத்துவிட்டால், பழைய கெர்னல் உள்ள கருவியில் அதைப் பயன்படுத்தும் எந்த நிரலும் தொடங்கவே தொடங்காது. இவற்றையெல்லாம் அனுபவத்தில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சிலர் பெருமையாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஊட்டியிலிருந்தோ அவலாஞ்சிப் பக்கத்திலிருந்தோ ஒரு கருவியைக் கழற்றிக் கொண்டுவர, மழைநாளில் என்ன பாடுபட வேண்டும் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும்.

கட்டும் வரிசையிலும் காரணம் தேவை. முதலில் பின்யூட்டில்ஸ் (தொகுத்த துண்டுகளை இணைப்பது போன்ற வேலைகளுக்கான கருவிகள்), பிறகு கெர்னல் ஹெடர்கள் (கெர்னலோடு பேசுவதற்கான வரையறைக் கோப்புகள்), பிறகு சி மொழிக்கு மட்டுமான முதற்கட்ட ஜிசிசி கம்பைலர், அதைக்கொண்டு ஜிலிப்சி, கடைசியாக முழுமையான ஜிசிசி. ஒரே கம்பைலரை ஏன் இரண்டு முறை கட்டுகிறோம் என்று புதிதாக வருபவர் கேட்பது இயல்பு. சி நூலகத்தைத் தொகுக்கக் கம்பைலர் வேண்டும், முழுமையான கம்பைலரின் சில பகுதிகளுக்குச் சி நூலகம் வேண்டும் என்ற இந்த இரண்டு வாக்கியம் எழுதப்படாததால், முதற்கட்டத்தை வீண் என்று கருதித் தவிர்த்துவிட்டு இரவெல்லாம் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

இந்த வேலையைத் தாமாகவே செய்துதரும் கிராஸ்டூல் என்ஜி, பில்ட்ரூட் போன்றவை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அவற்றை நானும் பயன்படுத்துகிறேன். கையால் கட்டுவதைவிட அவை மேலானவை. ஆனால் அவற்றின் கான்ஃபிக் கோப்பு எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைத்தான் சொல்லும். ஜிசிசியும், தன்னைக் கட்டியபோது தரப்பட்ட கான்ஃபிகர் வரியை, பதிப்பு விவரம் கேட்டால் காட்டும்; அதுவும் ‘எது’ என்ற கேள்விக்கான விடை மட்டுமே. ‘ஏன்’ என்பதை மனிதர்தான் எழுத வேண்டும். 1999 முதல் வந்துகொண்டிருக்கும் லினக்ஸை மூலநிரலிலிருந்து கட்டச் சொல்லித்தரும் லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் வழிகாட்டியை நான் மதிப்பதற்குக் காரணம், கட்டளையைக் கொடுத்த கையோடு ஃபிளாக்குகளின் பொருளையும் அது கீழே விளக்கிவிடுகிறது.

இணைய இணைப்பை நம்பி, சுட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதையும் நிறுத்த வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால், நீலகிரியின் பல கிராமங்களில் சில நாள்களுக்குத் தொடர்பே இருக்காது. கம்பைலர் இருக்கும் அதே சுருக்கக் கோப்புக்குள், வெறும் உரைக் கோப்பாக, ஆவணமும் இருக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்கி எழுதாமல் விடுவோர் தமிழிலேயே எழுதட்டும். கம்பைலர் அதைப் படிக்கப் போவதில்லை.

என்னைக் கேட்டால் அந்தக் கோப்பில் இருக்க வேண்டியவை மிகக் குறைவு: எந்தக் கருவிக்கு, எந்தச் செயலிக்கு, ஜிசிசி, பின்யூட்டில்ஸ், ஜிலிப்சி, கெர்னல் ஹெடர் ஆகியவற்றின் துல்லியமான பதிப்புகள், போட்ட பேட்ச்கள் (மூலநிரலில் செய்த திருத்தங்கள்), வழக்கத்துக்கு மாறான ஒவ்வொரு ஃபிளாக்குக்கும் ஒரு வரிக் காரணம், சரிபார்க்க ஒரு சிறு நிரல், அதற்கு ரீட்எல்ஃப் காட்ட வேண்டிய விடை. பழைய ரவுட்டர்களுக்கோ வேறு ஆர்ம் பலகைகளுக்கோ கம்பைலர் கட்டி, இப்படிக் காரணங்களோடு குறிப்பு எழுதி வைத்திருக்கும் நண்பர்கள் யாரேனும் இருந்தால், அந்தக் குறிப்பைக் கீழே பகிருங்கள்; எங்கள் குழுவின் கோப்பை இன்னும் செம்மைப்படுத்திக்கொள்கிறோம்.