காபோன் காட்டின் கசப்பு வேர்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு நந்தியாவட்டை நிற்கிறது. காலையில் பூப் பறித்தால் காம்பிலிருந்து பால் வடிந்து விரலெல்லாம் பிசுபிசுக்கும். அதன் ஒன்றுவிட்ட உறவு ஒன்று மத்திய ஆப்பிரிக்காவில், காபோன் நாட்டுக் காடுகளில் வளர்கிறது. பெயர் இபோகா. ஆளுயரப் புதர், சின்னப் பூக்கள், ஆரஞ்சு நிறக் காய். 1889இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்த பையோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், நந்தியாவட்டை இனத்தின் அறிவியல் பெயரான ‘டாபர்நேமோன்டானா’வை ஒட்டித்தான் ‘டாபர்நாந்தே’ என்று வைத்தார்.

இரண்டு நாளைக்கு முன் ஒரு குழுவில் இந்தச் செடியைப் பற்றி ஒரு காணொளி வந்தது. ‘ஆப்பிரிக்கப் பழங்குடிகளின் போதை வேர்’ என்று தலைப்பு. கீழே பாதிப் பேர் காட்டுமிராண்டிகள் என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். படித்ததிலிருந்து மனசே சரியில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போதை என்ற சொல் இங்கே பொருந்தவே பொருந்தாது. இபோகாவின் வேர்ப்பட்டையைச் சுரண்டி எடுத்துத் தின்கிறார்கள். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. நாக்கு மரத்துப்போகும். குடலைப் பிடுங்குவதுபோல வாந்தி வரும். எழுந்து நிற்க முடியாது. இன்பத்துக்காக யாரும் இதைத் தின்ன மாட்டார்கள். வேட்டைக்குப் போகிறவர்கள் தூக்கம் வராமலிருக்கக் கொஞ்சமாக மெல்வதுண்டு. நிறையத் தின்பது ப்விட்டி என்ற காபோன் நாட்டு மதத்தில் தீட்சை பெறும்போது, பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை.

தீட்சை பெறுகிறவருக்கு ‘பான்சி’ என்று பெயர். முதலில் அவர் செய்த தவறுகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் ஆற்றில் குளியல். முகத்தில் வெள்ளைக் களிமண் பூசுவார்கள். வெள்ளை அங்கே இறந்தவர்களின் நிறம், ஏனென்றால் அவர் போகப்போவது முன்னோர்களைப் பார்க்க. ஒக்குமே மரப்பிசினில் செய்த பந்தம் இரவு முழுக்க எரியும். எட்டு நரம்புள்ள ‘ங்கோம்பி’ என்ற யாழ் விடாமல் ஒலிக்கும். காபோனின் ஃபாங் இன மக்களுக்கு அது வெறும் வாத்தியமல்ல, கடவுளின் சகோதரியின் குரல். கிடப்பவருக்குப் பக்கத்திலேயே, தீட்சைக்கென்று தாயாகவும் தந்தையாகவும் அமர்த்தப்பட்ட இருவர் கண்கொட்டாமல் காவல் இருப்பார்கள். உடம்பு எப்படி இருக்கிறது, ஆள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த பிடி வேர்ப்பட்டை. விழித்த பிறகு கண்டதைச் சொல்வார், பெரியவர்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆற்றுப்படுத்துவது வேர் மட்டுமா, இந்த மொத்த ஊருமா? ஊர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த அறிவைக் காட்டுக்குள் வாழும் பிக்மி மக்களிடமிருந்து பெற்றதாகவே மற்ற இனத்தார் சொல்கிறார்கள். தெற்கே மித்சோகோ, அபிஞ்சி மக்களிடமிருந்து ஃபாங் மக்களுக்குப் போனது பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், மரம் வெட்டும் முகாம்களில். அந்த முகாம்களை நினைத்துப் பாருங்கள். ஊரை விட்டு, குடும்பத்தை விட்டு வந்த ஆண்கள். வீட்டில் முன்னோர்களின் மண்டையோட்டை வைத்துக் கும்பிட்ட வழக்கத்தைப் பாதிரிமார்கள் ஒழித்துக்கொண்டிருந்தார்கள். செத்த அப்பனிடம் பேச வழியில்லாமல் போனவனுக்கு இந்த வேர் ஒரு வழியைத் திறந்துவிட்டது. ஏசுவையும் மரியாளையும் கூட அவர்கள் அந்தக் கோயிலுக்குள் அழைத்துக்கொண்டார்கள். ஆனாலும் அடக்குமுறை நிற்கவில்லை, ப்விட்டிக் கோயில்கள் அழிக்கப்பட்டன.

எனக்குக் கோபம் வருவது இதற்கு அப்புறம்தான். காபோனில் அந்த வழிபாட்டை ஒடுக்கிக்கொண்டிருந்த அதே பிரான்சில், 1939 முதல் ‘லாம்பரேனே’ என்ற பெயரில் சோர்வு நீக்கும் மாத்திரை மருந்துக்கடையில் விற்றார்கள். அதில் இருந்தது இபோகா இனத்துச் செடியின் சாறு. லாம்பரேனே என்பதே காபோனில் உள்ள ஓர் ஊரின் பெயர்! சாமி கும்பிட்டால் குற்றம், டப்பாவில் அடைத்தால் மருந்து.

1962இல் ஹோவர்டு லாட்சாஃப் என்ற 19 வயது அமெரிக்க இளைஞர், ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர், இந்த வேரில் உள்ள இபோகைன் என்ற வேதிப்பொருளைச் சாப்பிட்டுப் பார்த்தார். தெளிந்தபோது ஹெராயின் வேண்டும் என்ற தவிப்பே இல்லை. 1985இல் இந்தச் சிகிச்சை முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கினார். 2025இல் டெக்சாஸ் மாநிலம் இபோகைன் ஆராய்ச்சிக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. நோயாளிகளுக்கு நல்லது நடந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

சரி, எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு: தயவுசெய்து தேடாதீர்கள். இபோகைன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். அப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் குடியால் கஷ்டப்படுகிறவர் இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இணையத்தில் பொட்டலம் விற்பவன் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்க்க மாட்டான்.

காபோன் 2000இல் இபோகாவைத் தேசியச் சொத்தாக அறிவித்தது. வெளிநாட்டு விலை ஏற ஏறக் காட்டில் திருட்டும் ஏறியதால், 2019இல் ஏற்றுமதியை நிறுத்தியது. மரபு அறிவால் வரும் லாபத்தில் அந்த மக்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லும் நகோயா ஒப்பந்தத்தை முதலில் ஏற்ற நாடுகளில் அதுவும் ஒன்று. அந்தப் பங்கு காகிதத்தில் இருந்தால் போதாது, கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் சும்மா கிடைத்த வேரைத் தேடி இப்போது வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. சில ஊர்களில் நாற்று நட்டு வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது வேர் தர ஐந்தாறு வருடமாவது ஆகும். அதுவரை காட்டில் மிச்சமிருப்பதையாவது அவர்களுக்கு விட்டுவையுங்கள்.